படிவத்தின் கீழ்ப்பாதி

(ஹைதராபாத்தில் மென்பொருள் துறையில் பணிபுரியும் தமிழர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு வலைப்பக்கத்தில் நாம் தட்டச்சு செய்யும் பெயரோ எண்ணோ அடுத்த பக்கத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். நிரல் எழுதுபவர்கள் இதை மாறிகளைப் பக்கம் விட்டுப் பக்கம் கடத்துவது என்பார்கள். அமீர்பேட்டில் மைத்ரிவனத்தைச் சுற்றியுள்ள பயிற்சி மையங்களில் ஜாவா, டாட்நெட், பிஎச்பி என்று எந்த வகுப்பில் சேர்ந்தாலும் தொடக்கப் பாடங்களிலேயே இது வந்துவிடும். ஒரு பெட்டியில் பெயரை வாங்கி, அடுத்த பக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்லி வரவேற்கும் சிறு பயிற்சி அது. இந்த அவையில் உள்ள பலர் அங்கேயே அதைச் செய்துபார்த்துவிட்டு வேலைக்குப் போனவர்கள்.

எழுத எளிதாக இருப்பதால் அதிலுள்ள பொறுப்பு கண்ணில் படுவதில்லை. இன்று ஒருவர் ரயில் சீட்டு வாங்குவதும், வருமானச் சான்றிதழ் கேட்பதும், மின்கட்டணம் கட்டுவதும், ரத்தப் பரிசோதனை முடிவை வீட்டிலிருந்தே பார்ப்பதும் இந்தச் சிறு பயிற்சியின் மேல்தான் நிற்கின்றன. அதை எழுதுபவர் ஒவ்வொரு மதிப்பைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: இதை எழுதும் உரிமை பயனருக்கா, நமக்கா? இந்தக் கோட்டைச் சரியாகப் போட்டால் மக்களின் பணமும் விவரமும் பாதுகாப்பாக இருக்கும். கோடு அழிந்தால் இரண்டும் போகும். இதை நீங்கள் எல்லோரும் கையில் பிடித்திருக்கக்கூடிய ஒரு காகிதப் படிவத்திலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர்

ரயில் முன்பதிவுக்கும் ஹைதராபாத்–செகந்திராபாத் என்ற இந்த இரட்டை நகரத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1980களின் நடுவில் டெல்லியில் நடைமுறைக்கு வந்த இம்ப்ரெஸ் என்ற கணினி முன்பதிவு முறையை உருவாக்கியது அரசு நிறுவனமாக இருந்த சிஎம்சி. பின்னர் ரயில்வேயின் கிரிஸ் அமைப்பு கான்செர்ட் என்ற மென்பொருளை உருவாக்கியது. 1994இல் அது முதலில் ஓடத் தொடங்கிய இடம் செகந்திராபாத். 1999 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைந்தன. எந்த ஊர்க் கவுண்டரில் நின்றும் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கும் இடம் பிடிக்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

அந்தக் கவுண்டரில் கொடுக்கும் முன்பதிவுப் படிவத்தை நினைத்துப் பாருங்கள். மேலே ரயிலின் எண், பயண நாள், வகுப்பு, எங்கிருந்து, எங்கே, பயணிகளின் பெயர், பால், வயது. இவையெல்லாம் நாம் நிரப்புவது. கீழே ‘அலுவலக உபயோகத்துக்கு மட்டும்’ என்று ஒரு பகுதி இருக்கும். பிஎன்ஆர் எண், படுக்கை எண், வசூலித்த தொகை, ஊழியரின் கையெழுத்து ஆகியவை அங்கே வரும். கட்டணம் எவ்வளவு என்று எழுதப் பயணிக்கு அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. படிவத்தை வடிவமைத்தவர்கள் கணினிப் பாதுகாப்புப் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் யார் எதை எழுதலாம் என்ற கோட்டை அவர்கள் சரியாகப் போட்டிருந்தார்கள்.

கவுண்டருக்குப் பின்னால் இருந்த ஊழியர் இரண்டு வேலைகள் செய்தார். ஒன்று நினைவு: நீங்கள் சொன்ன ரயிலை அவர் மனத்தில் வைத்துக்கொண்டுதான் வகுப்பைக் கேட்டார், வகுப்பை வைத்துக்கொண்டுதான் பயணிகளின் பெயரைத் தட்டினார். இன்னொன்று சரிபார்ப்பு: நீங்கள் எழுதிக் கொடுத்ததை இயந்திரத்தில் இருப்பதோடு ஒப்பிட்டு, கட்டணத்தை இயந்திரத்திடம் கேட்டுச் சொன்னார்.

இந்த நகரத்தின் அரசுச் சேவைகளும் அதே வழியில் வந்தவைதான். 1999இல் ட்வின்ஸ் என்ற பெயரில் சோதனையாகத் தொடங்கி 2001இல் இ-சேவா ஆன மையங்களில் மின்கட்டணமும் தண்ணீர் வரியும் கட்டப் போனவர்களுக்கு முன்னால் ஒரு ஊழியர் இருந்தார். 2011இல் மீசேவா வந்தது. இணையதளங்கள் பெருகின. ரயில்வேயில் 2002 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி தளம் சீட்டு விற்கத் தொடங்கியது. முதலில் அச்சிட்ட சீட்டு கூரியரில் வீட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளில் மின்சீட்டு வந்தது. நடுவில் இருந்த ஊழியர் விலகினார், மக்கள் நேரடியாகக் கணினியோடு பேசத் தொடங்கினார்கள். வரிசையில் நின்ற கால்களுக்குக் கிடைத்த பெரிய விடுதலை அது. ஆனால் அந்த ஊழியர் செய்த நினைவு வேலையையும் சரிபார்ப்பு வேலையையும் இனி யாராவது செய்தாக வேண்டும். அதைச் செய்வது நீங்கள் எழுதும் நிரல்.

ஞாபகமே வைத்துக்கொள்ளாத நெறிமுறை

வலையின் அடிப்படை நெறிமுறையான எச்டிடிபிக்கு நினைவு கிடையாது என்பதால் இந்த வேலை கடினமாகிறது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ இதை உருவாக்கியபோது நோக்கம் ஆய்வுக் கட்டுரைகளைப் பகிர்வது. ஒருவர் ஒரு பக்கத்தைக் கேட்பார், சர்வர் கொடுக்கும், அதோடு உறவு முடிந்துவிடும். அடுத்த நொடியில் அதே மனிதர் வந்தாலும் சர்வரைப் பொறுத்தவரை அவர் புதியவர். இதைக் குறை என்று நினைக்க வேண்டாம். யாரையும் நினைவில் சுமக்காததால்தான் ஒரு சர்வரால் லட்சக்கணக்கானவர்களுக்குப் பதில் சொல்ல முடிந்தது. வலை உலகம் முழுவதும் பரவியதற்கு இந்த எளிமை முக்கியக் காரணம்.

கட்டுரை வாசிக்க நினைவு தேவையில்லை. சீட்டு வாங்கத் தேவை. செகந்திராபாத்திலிருந்து தாம்பரத்துக்குச் சார்மினார் எக்ஸ்பிரஸில் ஒரு குடும்பம் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் ஊரும் நாளும். இரண்டாம் பக்கத்தில் ரயிலும் வகுப்பும். மூன்றாவதில் பயணிகளின் பெயரும் வயதும். நான்காவதில் கட்டணச் சுருக்கம். அதற்குப் பின் வங்கியின் பக்கம். கடைசியில் பிஎன்ஆர். ஒவ்வொரு பக்கத்திலும் சர்வர் முந்தைய பக்கத்தை மறந்துவிட்ட நிலையில்தான் உங்களைச் சந்திக்கிறது. ஆகவே முதல் பக்கத்தில் சொன்ன ஊரை யாராவது சுமந்துகொண்டு கடைசிப் பக்கம் வரை வர வேண்டும். சுமப்பதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, முகவரியிலேயே எழுதுவது. யூஆர்எல்லில் ஒரு கேள்விக்குறி போட்டு அதன்பின் பெயரும் மதிப்புமாகச் சேர்க்கிறோம். தேடலுக்கு இது மிகவும் ஏற்றது. ‘இந்த நாளில் இந்த ஊருக்கு என்னென்ன ரயில்’ என்ற பக்கத்தின் முகவரியை நீங்கள் அண்ணனுக்கு அனுப்பினால் அவருக்கும் அதே பட்டியல் திறக்க வேண்டும் அல்லவா? அதற்கு எல்லா மதிப்பும் முகவரியிலேயே இருப்பதுதான் முறை.

தமிழிலோ தெலுங்கிலோ ஊர்ப் பெயரை அனுப்பும்போது ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ‘தாம்பரம்’ நம் கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடில் துணைக்காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அது 8 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 24 பைட். முகவரியில் வைக்கும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்துகளாக விரியும். ஐந்தெழுத்து ஊர் முகவரியில் 72 எழுத்தாகிவிடுகிறது. இந்த மாற்றத்தைச் செய்யாமல் மதிப்பை அப்படியே ஒட்டினாலோ, ஒரு பக்கம் ஒரு முறையில் குறியாக்கி இன்னொரு பக்கம் வேறு முறையில் படித்தாலோ, பயணியின் பெயர் கேள்விக்குறிகளாக உடைந்து வரும். நம் மொழியில் சேவை தர வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

முகவரியில் உள்ளதை எல்லோரும் பார்க்கலாம். அது உலாவியின் வரலாற்றில் தங்கும், சர்வரின் பதிவேட்டில் தங்கும், பக்கத்திலுள்ள இணைப்பைச் சொடுக்கினால் அடுத்த தளத்துக்கும் போய்ச் சேரக்கூடும். ஆதார் எண்ணையும் கடவுச்சொல்லையும் அங்கே வைக்கவே கூடாது.

இரண்டாம் வழி, படிவத்தின் வயிற்றில் வைத்து போஸ்ட் முறையில் அனுப்புவது. ‘ஹிடன்’ என்ற மறைபுலத்தில் முந்தைய பக்கத்தின் மதிப்புகளை எழுதி வைத்தால், பயனர் பொத்தானை அழுத்தும்போது அவையும் சேர்ந்து போகும். முகவரிப் பட்டையில் எதுவும் தெரியாது. பல புதிய நிரலர்கள் இங்கேதான் தவறான நம்பிக்கை வைக்கிறார்கள். திரையில் தெரியாதது பயனருக்குத் தெரியாதது என்று பொருளாகாது. விசைப்பலகையில் எஃப்12 விசையை அழுத்தினால் மறைபுலம் முழுவதும் திறந்துவிடும். அதை மாற்றி எழுதி அனுப்பவும் முடியும். எச்டிடிபிஎஸ் பூட்டுக்குறி வழியில் ஒட்டுக்கேட்பவரைத் தடுக்கும். படிவத்தைக் கையில் வைத்திருப்பவரைத் தடுக்காது.

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐஎஸ்எஸ் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம், இணையக் கடைகளுக்கான 11 மென்பொருள்களில் இந்த ஓட்டை இருப்பதாக எச்சரித்தது. பொருளின் விலையை அவை மறைபுலத்தில் வைத்திருந்தன. வாங்குபவர் விலையை மாற்றி அனுப்பினால் கடை அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். முன்பதிவுப் படிவத்தின் கீழ்ப்பாதியைப் பயணியிடம் கொடுத்து ‘வசூலித்த தொகை’ என்ற கட்டத்தை நீங்களே நிரப்புங்கள் என்று சொன்ன கதை அது. எந்தக் கவுண்டரிலும் நடக்காத காரியம் வலைப்பக்கத்தில் நடந்தது. அந்தப் பிழை இன்றும் புதிது புதிதாக எழுதப்படுகிறது என்பதுதான் எனக்குள்ள வருத்தம்.

எண்ணை மட்டும் கொடுப்பது

மூன்றாம் வழி குக்கியும் செஷனும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி என்ற பொறியாளர் குக்கியை உருவாக்கினார். இணையக் கடை ஒன்றை அமைக்க முயன்ற எம்சிஐ நிறுவனம், பாதியில் நிற்கும் கொள்முதல்களின் விவரத்தைத் தன் சர்வர்களில் சுமக்க விரும்பவில்லை. அந்தச் சுமையை உலாவியிடமே கொடுத்து வைக்க ஒரு வழியாகக் குக்கி பிறந்தது. சர்வர் ஒரு சிறு குறிப்பைக் கொடுக்கும்; உலாவி அதே தளத்துக்கு வரும்போதெல்லாம் அந்தக் குறிப்பைத் திருப்பிக் காட்டும்.

அடுத்து வந்த மாற்றம்தான் பெரியது. குறிப்பில் விவரத்தை எழுதாமல் ஊகிக்க முடியாத ஒரு நீண்ட எண்ணை மட்டும் எழுதுவது, விவரம் முழுவதையும் சர்வரிலேயே வைத்துக்கொள்வது. இதுதான் செஷன். 1996 இறுதியில் வந்த மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பியிலும், பின்னர் ஜாவா சர்வ்லெட்டிலும், 2000 மே மாதம் வெளியான பிஎச்பி 4இலும் இது மொழியின் பகுதியாகவே கிடைத்தது. உங்கள் பிஎன்ஆர் எண் செய்வதும் இதையேதான். பத்து இலக்கம் உங்கள் கையில், பெயரும் படுக்கையும் கட்டணமும் ரயில்வேயின் கணினியில். எண்ணில் ஒரு இலக்கத்தை நீங்கள் மாற்றி எழுதினால் உங்கள் படுக்கை மாறிவிடாது.

இந்தக் கோட்டை ஒரு மொழியே அழித்து, பின் தன்னைத் திருத்திக்கொண்ட வரலாறும் உண்டு. பிஎச்பியில் ரிஜிஸ்டர் குளோபல்ஸ் என்று ஒரு வசதி இருந்தது. முகவரியில் யார் எந்தப் பெயரை எழுதினாலும் அது நிரலுக்குள் ஒரு மாறியாகத் தானே முளைத்துவிடும். கற்பவர்களுக்கு இனிமையான வசதி. ஆனால் ‘இவர் நிர்வாகி’ என்று குறிக்கும் மாறிக்கு நிரலர் தொடக்க மதிப்புக் கொடுக்க மறந்திருந்தால், வெளியிலிருந்து வருபவர் அந்தப் பெயரை முகவரியில் எழுதித் தன்னை நிர்வாகி ஆக்கிக்கொள்ளலாம். 2001 இறுதியில் முகவரியிலிருந்து வந்தது, படிவத்திலிருந்து வந்தது, குக்கியிலிருந்து வந்தது, செஷனில் இருப்பது என்று தனித்தனிப் பெட்டிகள் எளிதாகக் கிடைக்க வழி செய்யப்பட்டது. 2002 ஏப்ரலில் வெளியான 4.2 பதிப்பில் பழைய வசதி இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டது. 2012இல் 5.4 பதிப்பு அதை அடியோடு நீக்கியது. பழைய நிரல்கள் உடையும் என்று தெரிந்தே செய்தார்கள். ஒரு மதிப்பு எந்த வாசல் வழியாக வந்தது என்பதை மறக்கக் கூடாது என்ற பாடத்துக்கு அவ்வளவு விலை கொடுத்தார்கள்.

செஷன் வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். அந்த நீண்ட எண்ணை யார் காட்டினாலும் சர்வர் அவரை உரியவராக ஏற்கும். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்ற கருவியை வெளியிட்டார். பொது வைஃபையில் பூட்டில்லாமல் போகும் குக்கிகளைப் பிடித்து, பக்கத்து மேசைக்காரரின் கணக்கில் நுழைவது எவ்வளவு எளிது என்று அது எல்லோருக்கும் காட்டியது. பெரிய தளங்கள் முழுமையாக எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற அது ஒரு தூண்டுதல். ஆகவே குக்கி பூட்டிய வழியில் மட்டுமே போக வேண்டும், பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் அதைப் படிக்க முடியாமல் இருக்க வேண்டும், பயனர் உள்நுழைந்த கணத்தில் பழைய எண்ணை நீக்கிப் புது எண் கொடுக்க வேண்டும், சிறிது நேரம் சும்மா இருந்தால் அது காலாவதியாக வேண்டும். ஐஆர்சிடிசியில் பெயர்களைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே ‘செஷன் எக்ஸ்பயர்டு’ என்று வந்தால் நமக்குக் கோபம் வருகிறது. இணைய மையத்தில் வெளியேறாமல் எழுந்து போன ஒருவரின் கணக்கைக் காப்பாற்றுவதும் அதே காலாவதிதான். எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதை, மெதுவாகத் தட்டச்சு செய்யும் முதியவரையும் மனத்தில் வைத்து முடிவு செய்யுங்கள்.

எல்லாவற்றையும் செஷனில் கொட்டுவதும் தவறு. ஒருவர் இரண்டு தாவல்களைத் திறந்து, ஒன்றில் தாம்பரத்துக்கும் இன்னொன்றில் விஜயவாடாவுக்கும் தேடுகிறார். ஊர்ப் பெயரைச் செஷனில் வைத்திருந்தால் இரண்டாவது தேடல் முதலாவதை அழித்துவிடும். முதல் தாவலில் பணம் கட்டினால் தவறான ஊருக்குச் சீட்டு வரக்கூடும். தேடல் முகவரியில் இருக்கட்டும், பயணியின் விவரம் படிவத்தில் வரட்டும், ‘இவர் யார்’ என்பது செஷனில் நிற்கட்டும், கட்டணம் ஒவ்வொரு முறையும் சர்வரிலேயே கணக்கிடப்படட்டும்.

கூட்டம் பெருகும்போது இன்னொரு சிக்கல் வரும். 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 ரயில் சீட்டுகள் இணையத்தில் பதிவாயின. இத்தகைய நெரிசலை ஒரே சர்வரால் தாங்க முடியாது. பல சர்வர்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். உங்கள் இரண்டாம் பக்கம் ஒன்றிடமும் மூன்றாம் பக்கம் இன்னொன்றிடமும் போகலாம். முதல் சர்வரின் நினைவில் வைத்த செஷன் இரண்டாவதற்குத் தெரியாது. அதனால் செஷனை எல்லா சர்வர்களுக்கும் பொதுவான ஓரிடத்தில் வைக்கும் வழக்கம் வந்தது. 2003இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய மெம்கேஷ்டும் 2009இல் வந்த ரெடிஸும் இந்த வேலைக்குப் பெயர்பெற்ற மென்பொருள்கள்.

தாம்பரத்து மாணவர் கண்டது

2021 ஆகஸ்ட் 30 அன்று, தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவர் ஒருவர் ஐஆர்சிடிசி தளத்தில் சீட்டு எடுக்க முயன்றார். முந்தைய பரிவர்த்தனையின் விவரங்களைத் தளம் ஒரு பரிவர்த்தனை எண்ணைக் கொண்டு எடுத்துக் காட்டுகிறது என்பதைக் கவனித்தார். அந்த எண்ணை மாற்றினால் வேறு பயணிகளின் பெயர், வயது, பால், பிஎன்ஆர், ரயில், புறப்படும் இடம், நாள் எல்லாம் தெரிந்தன. அவர் அதை யாரிடமும் விற்கவில்லை, விளையாடவும் இல்லை. நாட்டின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் அமைப்புக்கு எழுதினார். ஐந்து நாளில் ஓட்டை அடைக்கப்பட்டது.

அங்கே உள்நுழைவு இருந்தது, செஷன் இருந்தது, பூட்டிய வழியும் இருந்தது. ‘இவர் யார்’ என்று சர்வருக்குத் தெரியும். ‘இந்தச் சீட்டு இவருடையதா’ என்று அது கேட்கவில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வந்தால் பிஎன்ஆரை மட்டும் பார்த்துவிட்டு நகர்வதில்லை. அடையாள அட்டையையும் கேட்டு, சீட்டிலுள்ளவர்தான் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கிறார். எண் ஒரு குறிப்பு மட்டுமே, அது உரிமைச் சான்று ஆகாது. மாணவர் கண்ட இடத்தில் பரிசோதகரின் அந்த இரண்டாவது கேள்வி விடுபட்டிருந்தது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் அல்ல. 2011இல் அமெரிக்காவில் சிட்டி வங்கியின் கடன் அட்டைத் தளத்தில் உள்நுழைந்தவர்கள், முகவரியிலிருந்த கணக்கு எண்ணை மாற்றி மாற்றி 3,60,000க்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்களை எடுத்தார்கள். 2019இல் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற சொத்து ஆவணக் காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில், இணைப்பிலுள்ள எண்ணின் ஓர் இலக்கத்தை மாற்றினாலே பிறருடைய ஆவணங்கள் திறந்தன. அப்படித் திறந்துகிடந்தவை சுமார் 88.5 கோடி பதிவுகள். ஓவாஸ்ப் என்ற பாதுகாப்பு அமைப்பு 2021இல் வெளியிட்ட பத்துப் பெரும் ஆபத்துகளின் பட்டியலில் முதலிடம் பெற்றது இந்த வகைப் பிழை, அதாவது உரிமையைச் சரிபார்க்காமல் விடுவது. அதற்கு அரிய கணித அறிவு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு எண்ணைக் கூட்டிப் பார்க்கும் ஆர்வம் போதுமாக இருந்தது.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிறர் தளத்தில் எண்ணை மாற்றி விவரம் எடுப்பது நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம். தற்செயலாகக் கண்டால் அங்கேயே நின்று, உரியவர்களுக்கு எழுதுங்கள். தாம்பரத்து மாணவர் காட்டிய வழி அது.

பணம் கைமாறும் பக்கம்

கட்டணப் பக்கத்தில் மதிப்பு ஒரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. நடுவில் பயணியின் உலாவி இருக்கிறது. ரயில்வேயின் பக்கம் தொகையையும் கொள்முதல் எண்ணையும் கட்டணத் தளத்துக்கு அனுப்புகிறது. ‘பணம் வந்துவிட்டது’ என்ற செய்தியோடு உலாவி திரும்புகிறது. அந்தச் செய்தியைப் பயனரே எழுதி அனுப்பினால்? அதைத் தடுக்க இரு நிறுவனங்களும் ஒரு ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொண்டு, செய்தியின் மேல் எச்மாக் என்ற கணித முத்திரையை இடுகின்றன. செய்தியில் ஒரு எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. மதிப்பு பயனரின் கை வழியாகப் போக வேண்டிய கட்டாயம் இருந்தால், முத்திரையோடுதான் போக வேண்டும்.

முத்திரை மட்டும் போதாது. பணம் கழிந்த கணத்தில் கைப்பேசியின் மின்கலம் தீர்ந்துபோகலாம், சுரங்கப்பாதையில் சிக்னல் போகலாம். உலாவி திரும்பி வரவே வராது. பணம் போய்ச் சீட்டு வராத அந்தப் பதற்றத்தை இங்கே பலர் அனுபவித்திருப்பீர்கள். அதனால் கட்டணத் தளத்தின் சர்வரும் நம் சர்வரும் உலாவியை நம்பாமல் தமக்குள் நேராகப் பேசி முடிவை உறுதி செய்ய வேண்டும். பதற்றத்தில் பயனர் மீண்டும் பொத்தானை அழுத்தினால் இரண்டாவது முறை பணம் கழியவும் கூடாது. ஒவ்வொரு கொள்முதலுக்கும் ஒரே ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணுக்கு ஒருமுறைதான் வசூல் என்று எழுதி வைக்க வேண்டும். படிவம் வந்து வேலை முடிந்ததும் பயனரை வேறொரு முடிவுப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், அவர் பக்கத்தைப் புதுப்பித்தாலும் படிவம் மறுபடி போகாது. மாதக் கடைசியில் சீட்டு எடுக்கும் ஒரு தொழிலாளிக்கு இரண்டு முறை கழிந்த பணம் சில நாள் கழித்துத் திரும்பி வந்தாலும், அந்தச் சில நாள் அவர் வீட்டில் என்ன நடந்தது என்பது நம் பதிவேட்டில் வராது.

சட்டமும் இப்போது கேள்வி கேட்கத் தொடங்கியிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தரவைக் காக்க நியாயமான ஏற்பாடுகளைச் செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அபராதத்துக்குப் பயந்து எழுதும் நிரலைவிட, மறுமுனையில் இருக்கும் மனிதரை நினைத்து எழுதும் நிரல் உறுதியானது என்று நான் நம்புகிறேன்.

பயிற்சி மையங்களில் கற்பிப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. பெயரை வாங்கி அடுத்த பக்கத்தில் காட்டும் பயிற்சியோடு வகுப்பை முடித்துவிடாதீர்கள். அதே வகுப்பில் மாணவரையே எஃப்12 அழுத்தி, தான் எழுதிய படிவத்தின் மறைபுலத்தை மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். முகவரியில் உள்ள எண்ணில் ஒன்றைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தன் நிரல் ஏமாறுவதைத் தானே பார்த்தவர் அதை மறக்க மாட்டார். மதிப்பைக் கடத்துவதும் சரிபார்ப்பதும் இரண்டு பாடங்கள் அல்ல, ஒரே பாடம் என்பது அவருக்கு அன்றே பதிந்துவிடும்.

வேலையில் இருப்பவர்களுக்கு: நாளை அலுவலகம் போனதும் நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தைத் திறந்து, வெளியிலிருந்து அது வாங்கும் மதிப்புகளைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகள்: இதைப் பயனர் எழுதலாமா? எழுதியது சரியானதா? இவர் கேட்கும் பொருள் இவருடையதா? மூன்றுக்கும் பதில் சொல்லும் வரிகள் உங்கள் நிரலில் இருக்க வேண்டும். எந்த வரி இல்லையோ அதை அன்றே எழுதுங்கள். கவுண்டரில் இருந்த ஊழியர் நாள் முழுவதும் ஒவ்வொருவருக்கும் அலுக்காமல் செய்த வேலை அது. அவர் இடத்தில் இப்போது நாம் இருக்கிறோம். அந்த வேலையைக் குறைவாகச் செய்ய நமக்கு உரிமை இல்லை.